இருதயத்தை அளக்கும் யந்திரம்

(சொற்பொழிவு)



இன்று இக்கூட்டத்தில் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் பலருக்குப் புதியதாயிருக்கலாம். இருதயத்தை எம்.ஆர்.ஐ. என்னும் காந்தக் கருவியால் படமெடுத்து, அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரே பார்த்து, அளந்து, கணக்குச் சொல்லும்படி செய்திருக்கிறார்களல்லவா, அதைப்பற்றித்தான் பேசப்போகிறோம். "இது டாக்டர்கள் சமாச்சாரம், இதில் நமக்கென்ன வேலை?" என்று சில தோழர்கள் நினைக்கக்கூடும். படம் எடுக்கப்படுவது யாருடைய இருதயம்? நம்முடையது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மருந்து கொடுக்கப்படுவதும் கத்தி வைக்கப்படுவதும் யாருடைய உடம்பில்? நம்முடைய உடம்பில். அப்படியிருக்க, அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது, யார் போட்டார்கள், எவ்வளவு தூரம் அதை நம்பலாம் என்று கேட்க நமக்குப் பாத்தியதை இல்லையென்று யார் சொல்லமுடியும்?

யந்திர மூளையைப்பற்றி இக்காலத்தில் இரண்டுவிதமான பேச்சு நடக்கிறது. ஒரு கூட்டத்தார், அதற்குத் தெரியாததே இல்லை, அது சொன்னால் சொன்னதுதான் என்கிறார்கள். மற்றொரு கூட்டத்தார், அது மனிதனை விழுங்க வந்த பூதம் என்கிறார்கள். இந்த இரண்டு பேச்சும் நமக்குக் கேட்டுப் பழகிப்போன பேச்சுகள்தான். முன்பு எதையெதையோ பார்த்துச் சொன்னதை இப்போது யந்திரத்தைப் பார்த்துச் சொல்லுகிறார்கள், அவ்வளவே வித்தியாசம். பார்க்காமல் கும்பிடுகிறவனுக்கும் பார்க்காமல் பயப்படுகிறவனுக்கும் நாம் பெரிய பேதம் காணவில்லை. ஆகையால் யந்திர மூளை நல்லதா கெட்டதா என்று பொத்தாம் பொதுவாய்ப் பேசாமல், அது செய்கிற ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதை அக்குவேறு ஆணிவேறாய்ப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் இருதயம் என்பது என்ன? நம் நாட்டில் இருதயம் என்ற சொல்லுக்குள் அடைக்கப்படாத சரக்கே கிடையாது. அன்பு அங்கேயிருக்கிறது என்றார்கள். ஆத்மா கட்டைவிரல் பருமனில் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்றார்கள். கடவுளுக்குக்கூட அங்கே ஒரு வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். திறந்து பார்த்தவர்களும் படமெடுத்துப் பார்த்தவர்களும் கண்டதெல்லாம் கைமுட்டி அளவுள்ள ஒரு சதைப் பம்புதான். அதில் நான்கு அறைகள். அவற்றில் இடது கீழறைதான் உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை இரத்தத்தைத் தள்ளுவது. நிமிஷத்துக்கு 70 தடவை அடிப்பதாய் வைத்துக்கொண்டால் நாள் ஒன்றுக்கு லட்சம் தடவைக்கு மேல் ஆகிறது. பண்டிகை நாள், அமாவாசை என்று அதற்கு விடுமுறையும் கிடையாது.

ஒரு பம்பு சரியாய் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்போம்? உள்ளே எவ்வளவு வந்தது, அதில் எவ்வளவு வெளியே போயிற்று என்று பார்ப்போம். இருதயத்துக்கும் அதே கணக்குத்தான். இடது கீழறை நிரம்பி நிற்கும்போது அதில் 120 மில்லி லிட்டர் இரத்தம் இருப்பதாய் வைத்துக்கொள்ளுங்கள். அது சுருங்கித் தள்ளியபின் 50 மில்லி லிட்டர் மிச்சம் நிற்கிறது. அப்படியானால் வெளியே போனது 70. அதாவது 100க்கு 58. இந்தக் கணக்கைத்தான் டாக்டர்கள் எஜெக்ஷன் ஃப்ராக்ஷன் என்கிறார்கள். ரிப்போர்ட்டில் ஈ.எஃப். என்று சுருக்கிப் போட்டிருப்பார்கள். நல்ல இருதயத்தில் இது பெரும்பாலும் 100க்கு 55 முதல் 70 வரையில் இருக்கும்.

இதென்ன வெறும் எண்தானே என்று நினைத்துவிடாதீர்கள். இருதயம் வலுவிழந்து, தக்க மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தபிறகும் இந்த எண் 35க்கு மேல் ஏறவில்லையானால், திடீர்ச் சாவைத் தடுப்பதற்காக மார்புத் தோலுக்கடியில் ஒரு மின்சாரக் கருவியை வைக்கலாமா என்று டாக்டர்கள் யோசிக்கிறார்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் இருதயத்தைக் கெடுக்கக் கூடியவை. அம்மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இந்த எண் இறங்கிக்கொண்டே போனால், மருந்தை நிறுத்துவதா, தொடர்வதா என்ற பெரிய சங்கடம் வந்துவிடுகிறது. எனவே 34 என்று எழுதுவதற்கும் 38 என்று எழுதுவதற்கும் நடுவில் இருப்பது நான்கு எண் மாத்திரமல்ல. ஒரு குடும்பத்தின் கதியே அங்கே நிற்கிறது.

இனி, இதை அளப்பது எப்படி? அறுக்காமல் உள்ளே பார்க்கவேண்டும். எக்ஸ்ரே எலும்பை நன்றாய்க் காட்டும்; சதையை அவ்வளவு நன்றாய்க் காட்டாது. எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிரே கிடையாது. நம் உடம்பில் மிகுதியாய் இருப்பது தண்ணீர். தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு சின்னஞ்சிறு காந்தம்போல் நடந்துகொள்ளும். பூமியின் காந்த பலத்தைப்போல் ஏறக்குறைய 30,000 மடங்கு பலமுள்ள ஒரு காந்தக் குழாய்க்குள் ஆளைப் படுக்கவைத்து, ரேடியோ அலையை விட்டுவிட்டு நிறுத்தினால், அந்த அணுக்கருக்கள் திரும்ப ஓர் அலையைக் கொடுக்கும். அதைப் பிடித்துப் படமாக்குகிறார்கள்.

இப்படிப் படமாக்கலாம் என்பதை 1973-ல் எழுதிக் காட்டியவர் பால் லாட்டர்பர் என்னும் அமெரிக்க ரசாயன நிபுணர். அக்கட்டுரையைப் பத்திரிகைக்காரர்கள் முதலில் வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் விடாமல் போராடிய பிறகே அது வெளிவந்தது. சாஸ்திரிகள் கூட்டத்தில் மாத்திரந்தான் வைதிகர்கள் உண்டு என்று நினைக்கவேண்டாம்; விஞ்ஞானிகளிலும் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம்: இங்கே சோதித்துக் காட்டிவிட்டால் வைதிகம் தோற்றுப்போகும். அவரோடுகூட இம்முறையை வளர்த்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பீட்டர் மான்ஸ்ஃபீல்ட். அவர் 15 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுப் புத்தகம் பைண்டு செய்யும் வேலைக்குப் போனவர்; பிறகு தாமே முயன்று படித்து மேலே வந்தவர். இவ்விருவருக்கும் 2003-ல் வைத்தியத்துக்கான நோபல் பரிசு கொடுக்கப்பட்டது. பைண்டு செய்கிறவன் பைண்டே செய்துகொண்டிருக்கவேண்டும் என்று அவர் தலையில் யாரும் எழுதி வைக்கவில்லை.

நிற்க, படம் எடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடுகிறதா? அங்கேதான் ஆரம்பிக்கிறது. வாழைத்தண்டை வட்டம் வட்டமாய் நறுக்குவதுபோல, இருதயத்தை மேலிருந்து நுனிவரை சுமார் பத்துத் துண்டுகளாய்ப் படம் பிடிக்கிறார்கள். நோயாளி மூச்சை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். இருதயமோ சும்மா நிற்பதில்லை. ஆகையால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு துடிப்புக்குள் 25, 30 படங்கள். ஆகமொத்தம் ஒரே ஆளுக்கு 250, 300 படங்களாகின்றன. இவற்றில் அறை நிரம்பி நிற்கும் நேரத்துப் படங்களையும், சுருங்கி நிற்கும் நேரத்துப் படங்களையும் பொறுக்கி எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் அறையின் உட்சுவரைச் சுற்றி ஒரு கோடும், வெளிச்சுவரைச் சுற்றி ஒரு கோடும் ஒரு நிபுணர் உட்கார்ந்து கையால் வரையவேண்டும். கோட்டுக்குள் அகப்பட்ட பரப்பைத் துண்டின் கனத்தால் பெருக்கி, எல்லாத் துண்டுகளையும் கூட்டினால் கொள்ளளவு வரும். தேறிய கைக்கே இதற்கு ஓர் ஆளுக்கு 13 நிமிஷம் முதல் 20 நிமிஷம் வரை பிடிக்கிறது.

வட்டம் போடுவது என்ன கஷ்டம் என்று கேட்கலாம். இருதயத்துக்குள் சுவர் வழவழப்பாயில்லை. வால்வைப் பிடித்துக்கொண்டு சதைத் தூண்கள் நிற்கின்றன. அவற்றை இரத்தத்தோடு சேர்ப்பதா, சுவரோடு சேர்ப்பதா என்பதில் ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு வழக்கம். அதைவிடக் கஷ்டமானது மேல் எல்லை. இருதயம் சுருங்கும்போது அதன் மேல்பாகம் கீழே இறங்குகிறது. அதனால் நிரம்பியிருந்தபோது கீழறையைக் காட்டிய அதே துண்டு, சுருங்கும்போது மேலறையைக் காட்டிவிடக்கூடும். அந்த ஒரு துண்டைக் கணக்கில் சேர்த்தால் ஒரு விடை. விட்டுவிட்டால் வேறொரு விடை. ஆகவே ஒரே படத்தை இரண்டு நிபுணர்களிடம் கொடுத்தால் இரண்டு எண் வருவதும், ஒரே நிபுணரிடம் காலையிலும் சாயந்திரத்திலும் கொடுத்தால்கூடக் கொஞ்சம் மாறி வருவதும் ஆச்சரியமல்ல. இது டாக்டர்களைக் குறைகூறுவதாகாது. மனிதக் கண்ணும் கையும் அப்படித்தான். அளவு என்பது ஆண்டவன் வாக்கல்ல. ஆள் போட்ட கோடு.

இந்தக் கோடு போடும் வேலையைத்தான் யந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தார்கள். எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் மந்திரமெல்லாம் மாயமாய்ப் போய்விடும். கம்ப்யூட்டருக்குப் படம் என்பது வெறும் எண்களின் பட்டியல். ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு வெளிச்சம் என்று ஓர் எண். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அந்த எண்களை வாங்கி, பெருக்கி, கூட்டி, அடுக்கடுக்காய் அனுப்பி, கடைசியில் "இந்தப் புள்ளி இரத்தம், இந்தப் புள்ளி சுவர், இந்தப் புள்ளி இரண்டுமல்ல" என்று சொல்லும்படி ஒரு கணக்கை அமைக்கிறார்கள். அடுக்குகள் பலவாய் ஆழமாய்ப் போவதால்தான் இதற்கு டீப் லேர்னிங், அதாவது ஆழ்கற்றல், என்று பெயர். அந்தப் பெருக்கலில் வரும் எண்கள் லட்சக்கணக்கில் இருக்கும். ஆரம்பத்தில் அவை கண்ணைமூடிக்கொண்டு போட்ட எண்கள். ஆகவே விடையும் உளறலாயிருக்கும். அந்த உளறலை நிபுணர் வரைந்த கோட்டோடு ஒப்பிட்டு, எவ்வளவு தவறு என்று கணக்கிட்டு, தவறு சிறிது குறையும்படி எல்லா எண்களையும் கடுகளவு திருத்துகிறார்கள். மறுபடியும் ஒரு படம், மறுபடியும் திருத்தம். இப்படி ஆயிரம் பதினாயிரம் தடவை. மணலில் அரிச்சுவடி எழுதும் பிள்ளைக்கு வாத்தியார் கையைப் பிடித்துத் திருத்துகிறாரே, அதில் பாதிதான் இது. பிள்ளைக்கு எழுத்தின் பொருளும் ஒருநாள் விளங்கும். யந்திரத்துக்கு இருதயம் என்றால் என்னவென்று கடைசிவரை தெரியாது. கோடு மாத்திரம் சரியாய் விழும்.

இவ்விதக் கணக்குகளில் பெயர்பெற்றது யூ-நெட் என்பது. ஜெர்மனியில் ஃப்ரைபர்க் சர்வகலாசாலைக்காரர்கள் 2015-ல் வெளியிட்டார்கள். பூதக்கண்ணாடியில் தெரியும் உயிரணுக்களைப் பிரித்துக் காட்டத்தான் அதை முதலில் செய்தார்கள். அதுவே பிறகு இருதயத்துக்கும் வந்தது.

அதே 2015-ன் கடைசியில் அமெரிக்காவில் ஒரு போட்டி வைத்தார்கள். அந்நாட்டு அரசாங்கத்தின் இருதய, நுரையீரல், இரத்த ஆராய்ச்சி ஸ்தாபனம் ஆயிரம் நோயாளிகளுக்கு மேற்பட்டவர்களின் எம்.ஆர்.ஐ. படங்களைப் பெயர் நீக்கிக் கொடுத்தது. இடது கீழறையின் கொள்ளளவைக் கம்ப்யூட்டரே சொல்லவேண்டும். பரிசு மொத்தம் 2,00,000 டாலர். யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். 2016-ல் முடிவு வந்தபோது முதற்பரிசு பெற்றவர்கள் யாரென்று நினைக்கிறீர்கள்? பேர்பெற்ற இருதய வைத்தியர்களா? இல்லை. பங்கு வியாபாரக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த இருவர். அவர்கள் வைத்தியக் கல்லூரி வாசற்படியை மிதித்தவர்களல்ல. "அவனவன் தொழிலை அவனவன் செய்யவேண்டும்" என்று நமக்குப் பாடம் சொல்லிவந்தவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்களோ தெரியவில்லை. ஆயினும் ஒன்றை மறக்கக்கூடாது. அந்த இருவருடைய யந்திரம் கற்றுக்கொண்ட சரியான விடைகள் மனிதர்கள் உட்கார்ந்து அளந்து கொடுத்தவை. விதைநெல் யாருடையது என்று மறந்துவிட்டு அறுவடையைப்பற்றி மாத்திரம் பேசுவது நியாயமல்ல.

அதற்கப்புறம் வேலை வேகமாய் நடந்தது. பிரிட்டனில் யூ.கே. பயோபேங்க் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. 2006 முதல் 2010 வரை, 40 வயது முதல் 69 வயது வரையுள்ள ஐந்து லட்சம் பேர் தாமாக முன்வந்து தங்கள் உடம்பைப்பற்றிய விவரங்களை ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். அவர்களில் ஒரு லட்சம் பேரை எம்.ஆர்.ஐ. முதலியவற்றால் படமெடுப்பதென்று 2014-ல் தொடங்கி 2025-ல் முடித்தார்கள். ஒரு லட்சம் பேர் இருதயத்துக்குக் கையால் கோடு போடுவதென்றால் எத்தனை நிபுணர்கள், எத்தனை வருஷம் வேண்டும்? ஆகவே முதல் சில ஆயிரம் பேருக்கு மனிதர்கள் கோடு போட்டார்கள். அதைக்கொண்டு யந்திரத்தைப் பழக்கினார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் 2018-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் 4,875 பேருடைய 93,500 படங்களைப் பயன்படுத்தினார்கள். யந்திரம் போட்ட கோட்டுக்கும் நிபுணர் போட்ட கோட்டுக்கும் உள்ள வித்தியாசம், ஒரு நிபுணருக்கும் இன்னொரு நிபுணருக்கும் உள்ள வித்தியாசத்தைவிட அதிகமில்லை என்று கண்டார்கள். நிபுணருக்கு 20 நிமிஷம் பிடித்த வேலை அதற்குச் சில விநாடி.

2019-ல் இன்னொரு நல்ல பரீட்சை நடந்தது. நாம் ரொம்பவும் மெச்சுகிற பரீட்சை. 110 பேரை இரண்டு தடவை படமெடுத்து, இரண்டையும் அனுபவமுள்ள நிபுணரும் அளந்தார், பயிற்சி பெற்ற இளையவரும் அளந்தார், யந்திரமும் அளந்தது. ஒரே ஆளை இரண்டு தரம் நிறுத்தால் தராசு ஒரே எடையைக் காட்டவேண்டுமல்லவா? அதுபோல், யார் அளவு இரண்டு தரமும் ஒத்திருக்கிறது என்று பார்த்தார்கள். யந்திரம் மனிதருக்கு ஏறக்குறையச் சமமாய் நின்றது. புகழுரையை விட்டுவிட்டுத் தராசையே நிறுத்துப் பார்த்தார்களே, அதுதான் முறை.

இதுவரை சொன்னதைக் கேட்டு, "அப்படியானால் யந்திரத்தையே நம்பிவிடலாமே" என்று எழுந்து போய்விடாதீர்கள். நாம் முக்கியமாய்ச் சொல்ல வந்தது இனிமேல்தான் இருக்கிறது.

ஃபிரான்சு தேசத்தில் டிஜோன் நகரத்து ஆஸ்பத்திரிப் படங்களைக் கொண்டு 2017-ல் ஒரு பரீட்சை வைத்தார்கள். 150 பேர். அவர்களில் 30 பேர் நல்ல இருதயமுள்ளவர்கள். மற்றவர்கள் நான்குவகை இருதயக் கோளாறுள்ளவர்கள், வகைக்கு 30 பேர். முதலிடத்தில் வந்த யந்திரக் கணக்குகள் நடுத் துண்டுகளில் நிபுணர்களைப்போலவே கோடு போட்டன. ஆனால் மேல் எல்லையிலும் நுனியிலும் தடுமாறின. சிற்சில இடங்களில் எந்த மனிதனுக்கும் இருக்கமுடியாத இருதயத்தை வரைந்து வைத்தன. முதல் வருஷம் படிக்கும் வைத்திய மாணவன்கூட அப்படி வரையமாட்டான். மனிதன் தவறினால் கொஞ்சம் தவறுவான். யந்திரம் நூறு தடவை சரியாய்ச் சொல்லிவிட்டு நூற்றோராவது தடவை, கொஞ்சமும் கூச்சமில்லாமல், தலைகீழாய்ச் சொல்லும். கூச்சமில்லாமல் சொல்வதாலேயே அதைச் சரியென்று நினைத்துவிடுகிறோமே, அதுதான் ஆபத்து.

மேலும், படம் எடுக்கும் கருவியை நான்கைந்து கம்பெனிகள் செய்கின்றன. ஒரு கம்பெனிக் கருவியின் படத்தில் பழகிய யந்திரத்துக்கு வேறு கம்பெனிக் கருவியின் படத்தைக் கொடுத்தால் திணறுகிறது. நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும். எண்களைப் பார்க்கும் அதற்கு வேறு மாதிரி. 2020-ல் ஸ்பெயின், ஜெர்மனி, கனடா ஆகிய மூன்று நாடுகளில் ஆறு ஆஸ்பத்திரிகளிலிருந்து, நான்கு கம்பெனிக் கருவிகளில் எடுத்த 375 பேர் படங்களைச் சேர்த்து இதற்கென்றே ஒரு போட்டி நடத்தவேண்டியிருந்தது.

இவை கருவியின் பேதம். இனி மனிதரின் பேதத்துக்கு வருவோம். பயோபேங்க்கில் முன்வந்தவர்களில் 100க்கு 90க்கு மேற்பட்டவர்கள் வெள்ளைக்காரர்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்தவர்களும் கூட்டாளிகளும் 2021-ல் ஒரு கேள்வி கேட்டார்கள்: அந்தப் படங்களில் பழகிய யந்திரம் எல்லோருடைய இருதயத்திலும் ஒரே மாதிரி சரியாய்க் கோடு போடுகிறதா? 5,903 பேர் படங்களைக் கொண்டு பார்த்தார்கள். ஆண், பெண் என்று பார்த்தபோது வித்தியாசமில்லை. ஏனெனில் அங்கே ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமமாயிருந்தார்கள். இனம் என்று பார்த்தபோது வித்தியாசம் வந்தது. வெள்ளைக்காரர் படத்தில் கோடு நன்றாய் விழுந்தது. கறுப்பர், ஆசியர், சீனர், கலப்பினத்தார் படங்களில் அவ்வளவு நன்றாய் விழவில்லை. இந்த ஆசியர் என்பவர்கள் யார்? பெரும்பாலும் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் போய் அங்கே குடியேறியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளுந்தான். அதாவது, தோழர்களே, நம்மைப் போன்றவர்கள்.

இதைக் கேட்டவுடன் ஒருவர் சொல்லுவார்: "பார்த்தீர்களா, இயற்கையிலேயே இனத்துக்கு இனம் இருதயம் வேறு. யந்திரமே கண்டுபிடித்துவிட்டது!" பிறவி பேதத்துக்குச் சாட்சி தேடித் திரிகிறவர்களுக்கு இது கரும்பாய் இனிக்கும். நல்லவேளையாக ஆராய்ச்சிக்காரர்கள் அங்கே நின்றுவிடவில்லை. அதே கல்லூரியாரும் மற்றவர்களும் சில வருஷங்கள் கழித்து, இந்த பேதம் எங்கிருந்து வருகிறது என்று துருவிப் பார்த்தார்கள். வெள்ளையர், கறுப்பர் இருசாராருடைய இருதயப் படங்களையும் யந்திரத்துக்குக் கொடுத்து, இது யாருடையது என்று சொல்லச் சொன்னார்கள். பெரும்பாலும் சரியாய்ச் சொல்லிற்று. எதைப் பார்த்துச் சொல்லுகிறது என்று தேடினார்கள். அது இருதயத்தைப் பார்க்கவே இல்லை! படத்தின் ஓரத்தில் தெரிந்த தோலடிக் கொழுப்பு முதலியவற்றைப் பார்த்துத்தான் அது பெரும்பாலும் சொல்லியிருக்கிறது. ஓரத்தையெல்லாம் கத்தரித்துவிட்டு இருதயம் மாத்திரம் தெரியும்படி கொடுத்தபோது, யந்திரம் காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லுகிறவன் நிலைக்கு வந்துவிட்டது. கத்தரித்த படங்களைக் கொண்டு பழக்கியபோது, கோடு போடுவதில் இருந்த பேதமும் குறைந்தது.

இதன் அர்த்தமென்ன? குறை கறுப்பருடைய இருதயத்திலும் இல்லை, ஆசியருடைய இருதயத்திலும் இல்லை. யந்திரத்துக்குக் காட்டிய கூட்டத்தில்தான் குறை. ஒரே வீதிக்காரர்களை மாத்திரம் பார்த்து வளர்ந்தவன் மற்ற வீதிக்காரனைக் கண்டால் விழிக்கிறான். அதுபோல் இதுவும் விழித்தது. அதற்குப் பரிகாரமும் 2021-ஆம் வருஷத்து ஆராய்ச்சிக்காரர்களே பார்த்தார்கள். பழக்கும்போது ஒவ்வொரு தடவையும் எல்லா இனத்தாருடைய படமும் சமபங்கு வரும்படி எடுத்துக் கொடுத்தார்கள், பேதம் குறைந்தது. நம்மவர்களுக்கு இந்த வைத்தியம் புதிதல்ல. எல்லா வகுப்பாருக்கும் பங்கு கொடுங்கள் என்று நாம் கேட்டபோது, "திறமை கெட்டுப்போகும், திறமை கெட்டுப்போகும்" என்று கூச்சலிட்டவர்கள் உண்டல்லவா? இங்கே பங்கு கொடுக்காததால்தான் திறமை கெட்டிருந்தது. இதை நாம் அரசியலுக்காகச் சொல்லவில்லை. கணக்கில் வந்ததைச் சொல்லுகிறோம்.

இன்னொரு விஷயமும் உண்டு. பயோபேங்க்குக்குத் தாமாக முன்வந்தவர்கள் பொதுவாய் மற்ற ஜனங்களைவிடச் சுகமுள்ளவர்கள். சுகமுள்ள இருதயத்தையே பார்த்துப் பழகிய யந்திரத்தை, நோயால் கோணிப்போன இருதயத்தின்முன் நிறுத்தினால் என்ன ஆகும்? அளவு யாருக்கு அவசியமோ அவனிடத்திலேதான் அது தவறும். ஆரோக்கியமுள்ளவனுக்கு 60 என்றாலும் 62 என்றாலும் ஒரு நஷ்டமுமில்லை.

ஆகவே ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டை நீட்டி, "கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது" என்று யாராவது சொன்னால், நாம் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. சாஸ்திரம் சொல்லிவிட்டது என்று நம் வாயை மூடின காலம் போதாதா? மரியாதையாகவே சில கேள்விகள் கேட்கலாம். யந்திரம் போட்ட கோட்டை டாக்டர் படத்தின்மேல் வைத்துப் பார்த்தாரா, அல்லது எண்ணை மாத்திரம் பார்த்துக் கையெழுத்துப் போட்டாரா? இது எந்த ஜனங்களைக் கொண்டு சோதிக்கப்பட்டது? இந்த ஆஸ்பத்திரிக் கருவியில் சோதித்தார்களா? நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார். கோட்டைப் படத்தின்மேல் வைத்துப் பார்க்க அரை நிமிஷம் போதும். நுனியில் கோணல் இருந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும். யந்திரம் மிச்சப்படுத்திக் கொடுத்த 13 நிமிஷத்தில் அரை நிமிஷத்தை அதற்குச் செலவிடுவதில் யாருக்கு என்ன கஷ்டம்?

யந்திரம் வந்தால் டாக்டர்களுக்குப் பிழைப்புப் போய்விடுமே என்று சிலர் கவலைப்படுகிறார்கள். கோடு போடுவது டாக்டருடைய வேலையில் ஒரு சிறு பாகம். அவர் அந்நேரத்தை நோயாளியோடு பேசுவதில் செலவழித்தால் நமக்கு லாபமே. நம்முடைய கவலை வேறு. கோடு போடும் கணக்கு மலிவாகிவிட்டது. ஆனால் படம் எடுக்கும் காந்தம் மலிவாகவில்லை. அது கோடிக்கணக்கில் விலை பிடிப்பது. படமே எடுக்க வழியில்லாத ஏழைக்கு, படத்தைப் பார்க்கும் யந்திரம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாயிருந்து என்ன பிரயோஜனம்?

அதனால்தான் எக்கோ என்னும் மலிவான பரீட்சையைப்பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. காதுக்குக் கேட்காத ஒலியை நெஞ்சுக்குள் அனுப்பி, திரும்பிவரும் ஒலியைப் படமாக்குவது எக்கோ. படம் எம்.ஆர்.ஐ. அளவுக்குத் தெளிவாயிராது, ஆனால் கருவியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கட்டிலண்டை கொண்டுபோகலாம். ஆழ்கற்றலை இதிலும் பிரயோகித்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து சீடார்ஸ்-சைனாய் ஆஸ்பத்திரியில் நடத்தி 2023-ல் வெளியிட்ட சோதனையைக் கேளுங்கள். 3,495 எக்கோ படங்களுக்கு முதல் அளவைச் சிலவற்றில் யந்திரமும், சிலவற்றில் பழகின மனிதரும் போட்டுக் கொடுத்தார்கள். எதற்கு யார் என்பதைச் சீட்டுக் குலுக்கினாற்போல் தீர்மானித்தார்கள். கடைசி முடிவு சொல்லும் இருதய டாக்டருக்கு, தம்முன் இருப்பது யார் போட்ட அளவு என்பது தெரியாது. யந்திரம் போட்டதில் 100க்கு சுமார் 17-ஐ டாக்டர்கள் பெரிதாய் மாற்றினார்கள். மனிதர் போட்டதில் 100க்கு சுமார் 27-ஐ மாற்றினார்கள். யந்திரம் என்று தெரிந்து மயங்கவும் இடமில்லை, மனிதன் என்று தெரிந்து தயவு காட்டவும் இடமில்லை. பேரைப் பார்க்காமல் வேலையைப் பார்த்து மார்க்குப் போட்டார்கள்.

அந்தச் சோதனையும் அந்த ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைக் கொண்டு நடந்ததுதான். இங்கே உபயோகிப்பதானால் இங்கேயுள்ள கருவியில், இங்கே வரிசையில் நிற்கும் நோயாளிகளைக் கொண்டு, இதே மாதிரி பேர் மறைத்துச் சோதித்து, வந்த முடிவை, நல்லதோ கெட்டதோ, எல்லோரும் படிக்கும்படி அச்சில் போடவேண்டும். விலைக்கு வாங்கும் ஆஸ்பத்திரிகளிடம் இதைக் கேட்டு வாங்குகிற பொறுப்பு நமக்கும் உண்டு.

தலைவரவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். இத்துடன் நிறுத்திக்கொள்ளுகிறோம். சந்தேகமுள்ள தோழர்கள் சீட்டில் எழுதி அனுப்பினால் கூட்டம் கலைவதற்குமுன் நமக்குத் தெரிந்தவரை பதில் சொல்லுகிறோம்.